பிரித்துத் தராத குப்பையை வாங்க மாட்டார்களாம்: விதி உண்மையில் என்ன சொல்கிறது?

கீழவீதி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நடுத்தர நகராட்சியில் இருக்கிறோம். போன வாரம் வீடு வீடாக ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால்தான் வண்டியில் வாங்குவார்களாம். கலந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள், தெருவில் போட்டால் அபராதம். அதே வாரத்தில் தெருமுனையில் இருந்த இரும்புத் தொட்டியையும் தூக்கிவிட்டார்கள்.

தொட்டி போனதும் அங்கே விழுந்த குப்பையெல்லாம் எதிரில் இருக்கும் காலி மனைக்கு வந்துவிட்டது. விடிவதற்குள் யார் யாரோ பையைக் கட்டி வீசிவிட்டுப் போகிறார்கள். மாடும் நாயும் கிழித்துப் போட்டு, காலையில் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கூட வேனுக்குப் போகிறார்கள்.

பிரித்துக் கொடுக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. சில விஷயங்கள்தான் தெரிய வேண்டும். இது சட்டப்படி கட்டாயமா, அல்லது நகராட்சியின் சொந்த ஏற்பாடா? வாங்காமல் போக அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? காலி மனைக்கு யார் பொறுப்பு? நாப்கின், டயப்பர் எல்லாம் எந்தக் கூடையில் போவது? என் மாமனார் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர், அந்த ஊசிகளை என்ன செய்வது? நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

அம்மா, நான் வேறொரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவரை சொல்கிறேன்.

பிரித்துத் தருவது கட்டாயம்தான். இது நாடு முழுவதற்குமான விதி. அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் இதன் தொடக்கம். அதையொட்டி 2000-ஆம் ஆண்டில் முதல் விதிகள் வந்தன. அதற்குப் பதிலாக 2016 ஏப்ரலில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று அதில் தெளிவாக இருந்தது. தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது, பொது இடத்தில் புதைக்கவும் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இதை நான்காக்கியிருக்கின்றன. நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு இப்போது தனி வகை. பெயின்ட் டப்பா, டியூப்லைட், பழைய மருந்து மாதிரியானவை தனிக் கவனம் வேண்டிய இன்னொரு வகை. நீங்கள் கேட்ட நாப்கின் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மக்கும் கூடையிலும் வேண்டாம், மக்காத கூடையிலும் வேண்டாம். பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். புனே, பெங்களூரு பக்கம் இந்தச் சிவப்பு அடையாளம் பழக்கத்தில் இருக்கிறது. வண்டியில் இருப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அபராதம் எவ்வளவு என்பது ஒவ்வொரு உள்ளாட்சியின் துணைவிதியைப் பொறுத்தது. சென்னை மாநகராட்சி பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான தொகையை 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. உங்கள் ஊர்த் துணைவிதியின் நகலை நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வாங்காமல் விட்டுப் போவதைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். ஒருநாள் திருப்பிக் கொடுத்து, ஏன் என்று வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்வது பலன் தரும். பல ஊர்களில் அதைப் பார்த்திருக்கிறேன். விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் வெறுமனே விட்டுவிட்டுப் போனால், அந்தப் பை இரவில் காலி மனைக்குத்தான் போகும். உங்கள் தெருவில் நடப்பது அதுதான். தொட்டியை எடுக்கும்போது அந்த இடத்தில் காலையும் மாலையும் சில வாரங்களுக்கு ஆள் நிற்க வேண்டும். வண்டி ஒரே நேரத்துக்கு வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தொட்டியை மட்டும் எடுத்தால் எந்த ஊரிலும் இதே கதைதான்.

காலி மனையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு அதன் உரிமையாளருக்கு. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இலேயே தொல்லை தரும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வழி இருக்கிறது. மனையின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். எண் இல்லாவிட்டால் மனு மேசையிலேயே கிடக்கும்.

ஊசிக்கு அப்புறம் வருகிறேன், அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சோழமண்டலம்

எல்லாம் சரி சார். வீட்டில் இரண்டு கூடை வைத்து, தயிர்க் கவரைக் கழுவிக் காயவைத்து, கீரைத் தண்டைத் தனியாகப் போட்டு நாங்கள் பிரிக்கிறோம். வண்டி வருகிறது. இரண்டையும் ஒரே சாக்கில் கவிழ்க்கிறார்கள். அந்தச் சாக்கு லாரிக்குப் போகிறது, லாரி ஊருக்கு வெளியே கிடங்கில் கொட்டுகிறது. நான் பைக்கில் பின்னாலேயே போய்ப் பார்த்தவன். விதி மக்களுக்கு மட்டும்தானா? வண்டிக்கு விதி இல்லையா?

வடசென்னை மைந்தன்

சோழமண்டலம் கேட்பதுதான் முதல் கேள்வி.

கொடுங்கையூர்க் கிடங்குக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. பல பத்தாண்டுகளாக அதைப் பங்கு போட்டுக்கொண்டவை கொடுங்கையூரும் பெருங்குடியும்தான். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். 2022-இல் அந்தச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கிடங்கும் பற்றி எரிந்தது. கோவையில் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் எரிந்தது.

ஏன் எரிகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. சோறும் காய்கறியும் பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. வெயில் காலத்தில் ஒரு பொறி பட்டால் போதும், மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஈரக்குப்பை அங்கே போகவே இல்லை என்றால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தொடங்கவே தொடங்காது.

இப்போது எரிஉலை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். கொடுங்கையூரில் அதை எதிர்த்து 2025-இல் மனிதச் சங்கிலியாக நின்றோம். ஈரம் கலந்த குப்பை சரியாக எரியாது, அதை எரியவைக்க இன்னும் எரிபொருள் வேண்டும், புகை எங்கள் வீட்டுக்குள் வரும். பிரிக்காத குப்பைக்கு எந்த இயந்திரமும் மருந்தில்லை. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் டெல்டாவில் பிரிப்பது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் கிடங்கு இன்னும் மலையாகவில்லை.

பணியாளர் மகள்

இழையை முழுவதும் படித்தேன். என் அம்மா ஒரு பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சில விஷயங்கள் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரே சாக்கில் கவிழ்க்கிறார்கள் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். உண்மைதான், நடக்கிறது. ஏன் என்றும் கேளுங்கள். வண்டியில் நான்கு டிரம் இருக்க வேண்டும். எங்கள் அம்மாவின் வண்டியில் இரண்டு உடைந்து, மாற்றித் தரவே இல்லை. ஒரு ஆளுக்குக் கொடுத்திருக்கும் வீடுகள் அதிகம், ஏழு மணிக்குள் முடிக்கவில்லை என்றால் மேஸ்திரி திட்டுவார். ஒரு தெருவில் நாலு வீடு பிரித்துக் கொடுத்து, மற்ற எல்லா வீடும் கலந்து கொடுத்தால், அந்த நாலு வீட்டுக் குப்பையை எங்கே தனியாக வைப்பது?

அம்மாவுக்கு மக்காத குப்பை நஷ்டம் இல்லை. அட்டை, பால் கவர், பாட்டில் எல்லாம் சுத்தமாக வந்தால் காயலான் கடையில் போட்டுக் கையில் கொஞ்சம் காசு பார்ப்பார்கள். சாம்பார் ஊற்றிய அட்டையைக் கடைக்காரர் தொடவே மாட்டார். அதனால் பிரித்துக் கொடுக்கும் வீட்டைப் பணியாளருக்கு நன்றாகவே தெரியும், பிடிக்கும்.

கையுறை, மழைக்கோட்டு, சரியான காலணி, முகக்கவசம் எல்லாம் கொடுக்க வேண்டும் என்று 2016 விதியிலேயே இருந்தது என்று எங்கள் சங்கத்தில் படித்துக் காட்டினார்கள். அம்மாவுக்குக் கிடைத்த கையுறை மெல்லியது, உடைந்த டம்ளர் ஒன்று போதும். போன வருடம் கட்டைவிரலில் தையல் போட்டோம். யாரோ கண்ணாடியைக் கீரைக் கட்டுக்குள் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.

கண்ணாடி உடைந்தால் தடிமனான பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, வண்டி வரும்போது கையில் கொடுத்து வாயாலும் சொல்லுங்கள். டயப்பரைப் பிரித்தபடி போடாதீர்கள். அதை எடுப்பதும் ஒரு மனுஷியின் கைதான்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்தபோது பல பேர் டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கேட்டது வேலை நிலைக்கட்டும் என்பதைத்தான். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய ஆளை எடுப்பார்களா என்று பயந்துகொண்டே இருப்பவரிடம் போய், நாலு டிரம்மில் நாலு விதமாகப் பிரித்து வாங்கு என்று சொன்னால் எப்படி நடக்கும்? அபராதம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கீழவீதி

நன்றி தங்கை. எங்கள் தெருவுக்கு வரும் அக்காவிடம் இதையெல்லாம் நான் கேட்டதே கிடையாது. நாளைக்கே டிரம் எத்தனை இருக்கிறது என்று பார்க்கிறேன்.

சோழமண்டலம்

பணியாளர் மகள், நான் சொன்னது உங்கள் அம்மாவை அல்ல. டிரம் வாங்கித் தராத நிர்வாகத்தைச் சொன்னேன். பிரித்து வாங்கினால் பிரித்தே கொண்டுபோக வேண்டும் என்பது விதியில் உள்ளாட்சியின் கடமையாக எழுதியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு அபராதம் எழுத ரசீதுப் புத்தகம் அடிக்கும் செலவில் டிரம் வாங்கலாமே!

செயலாளர், பி பிளாக்

எங்களுடையது சென்னைப் புறநகரில் பெரிய குடியிருப்பு. ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் நீங்கள் மொத்தக் கழிவு உருவாக்குபவர். ஈரக்குப்பையை வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும். புதிய விதியில் 20,000 சதுர மீட்டர் தளப்பரப்போ, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவோ இருந்தாலும் இந்தக் கணக்கில் வந்துவிடுவீர்கள்.

உரத்தொட்டி கட்டும்போது நாற்றம் வரும் என்று பொதுக்குழுவில் பெரிய சண்டை. நாற்றம் வருவது ஈரம் அதிகமாகிக் காற்றுப் போகாதபோதுதான். ஒரு அடுக்கு சமையலறைக் கழிவு, அதன்மேல் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ ஒரு அடுக்கு. வாரத்துக்கு ஒருமுறை கிளறல். எங்கள் வளாகத்துச் சருகை முன்பு தோட்டக்காரர் எரித்துக்கொண்டிருந்தார், இப்போது அதுவே போதவில்லை.

பிரிக்க வைத்தது அபராதம் இல்லை. எந்தத் தளத்திலிருந்து கலந்து வருகிறது என்று தினமும் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதினோம். தளத்தின் எண் மட்டும்தான், வீட்டு எண் கிடையாது. அந்தத் தளத்துக்காரர்களே தங்களுக்குள் பேசிச் சரிசெய்துகொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அபராதத்தைத் தொடங்க வேண்டிய இடம் கல்யாண மண்டபமும் ஹோட்டலும் எங்களைப் போன்ற பெரிய வளாகங்களும்தான். ஒரு முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்திலிருந்து வெளியே வரும் இலையும் சோறும் தண்ணீர் பாட்டிலும் ஒரு முழுத் தெருவின் பல நாள் குப்பைக்குச் சமம். உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதியிலேயே இருந்தது. தெருவில் பந்தல் போடுகிற யாராவது தெரிவித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

செயலாளர் சொல்வதை வழிமொழிகிறேன். ஒரு வார்டில் மண்டபம், ஹோட்டல், கோழிக்கடை, மீன்கடை இவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் பாதிப் பாரம் குறையும். கோழிக்கழிவை இரவில் வாய்க்காலில் தள்ளுவதுதான் நான் வேலையில் இருந்தபோது தலையாய புகார். அதற்குத் தனி வண்டி ஏற்பாடு செய்த பிறகே குறைந்தது.

இப்போது ஊசி. வெட்டிப் போடுவது, மூடியைத் திரும்பப் பொருத்த முயல்வது இரண்டும் வேண்டாம், குத்திக்கொள்வீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மூடி திருகும்படியானது. அதற்குள் போட்டுக்கொண்டே வாருங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, 'ஊசி' என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனிக் கழிவு ஏற்பாடு இருக்கும். மாமனார் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் வண்டியில் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். ஒருபோதும் பையில் கலக்காதீர்கள்.

நெய்யாற்றங்கரை

திருவனந்தபுரம் பக்கம் வேலையாக இருக்கும் தமிழன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்று பெண்களின் குழு இருக்கிறது. வீட்டுக்கு வந்து காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக் மாதிரியான மக்காத குப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள், மாதக் கட்டணமும் அவர்களிடமே கட்ட வேண்டும். ஈரக்குப்பை வீட்டுக்காரன் பாடு. பல வீடுகளில் குழாய்க்குள் போட்டு உரமாக்கும் ஏற்பாடோ, உரச் சட்டியோ, சின்ன பயோகேஸ் கலனோ இருக்கும்.

இது சும்மா வரவில்லை. ஆலப்புழை நகரத்துக் குப்பையைச் சர்வோதயபுரம் என்ற ஊரில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் 2012-இல் லாரியை மறித்துவிட்டார்கள். கொட்ட இடமே இல்லாமல் போன பிறகுதான் நகரம் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றது. கொச்சியில் அப்படி நடக்கவில்லை. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்து, நகரமே நாள்கணக்கில் புகைக்குள் கிடந்தது.

வெள்ளவத்தை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் இறந்து போனார்கள். மேட்டுக்குக் கீழே வீடுகள். அதற்குப் பிறகுதான் உக்கும் குப்பை ஒரு நாள், உக்காதது வேறொரு நாள் என்று பிரித்து எடுப்பதில் இங்கே இறுக்கம் வந்தது. நாளைப் பிரித்துவிட்டால் வாகனத்துக்குள்ளே கலப்பதற்கே இடமில்லை. ஒரு வாகனம்தான் இருக்கிறது என்று சொல்லும் நகரசபைகளுக்கு இது சுகமான வழி. உங்கட ஊரிலும் கேட்டுப் பாருங்கோ.

கீழவீதி

வெள்ளவத்தை சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்களுக்கு வரும் வண்டியில் டிரம் இரண்டுதான், அதிலும் ஒன்றில் அவர்களுடைய துடைப்பம், முறம் எல்லாம் இருக்கிறது. ஈரக்குப்பை தினமும், காய்ந்தது புதன், சனி மட்டும் என்றால் இந்த வண்டியே போதும்.

இன்னொரு கேள்வி. மாதாமாதம் கட்டணம் வசூலிப்பார்கள் என்று ஒரு பேச்சு. சொத்து வரி கட்டுகிறோமே, அதில் இது அடங்காதா?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

பயனாளர் கட்டணம் வசூலிக்க 2016 விதியிலேயே இடம் இருந்தது. தொகையைத் துணைவிதி முடிவு செய்யும். சென்னையில் 2021 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு 10 முதல் 100 ரூபாய் வரை என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள்.

வடசென்னை மைந்தன்

கட்டணம் வாங்கினால் அந்தப் பணம் வண்டிக்கும் பணியாளருக்கும் போகிறது என்று வார்டு வாரியாகக் கணக்குக் காட்டட்டும். பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்குக் குறைவாகவும் கலந்து கொடுக்கும் வீட்டுக்குக் கூடுதலாகவும் வைக்கலாம். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் நான் எதிர்ப்பேன். பத்துக்குப் பத்து வீட்டில் இருப்பவர் எவ்வளவு குப்பை போட்டுவிடப் போகிறார்?

மாடித்தோட்டம்

வீட்டிலேயே ஈரக்குப்பையை முடித்துக்கொள்ள முடிந்தவர்கள் முடித்துக்கொண்டால் வண்டிக்குப் பாரம் குறையும். இந்திய நகரங்களின் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பைதான். ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி இரண்டு போதும். ஒன்று நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டாவது நிரம்பும்போது முதலாவது கறுத்து, மண்வாசனை வரத் தொடங்கியிருக்கும். எலுமிச்சைத் தோல் அதிகம் வேண்டாம், மீன் முள்ளும் எலும்பும் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். வெள்ளையாகப் புழு வந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சருகைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகைகளுக்குத் தடை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பூக்கடையில் இன்றைக்கும் மெல்லிய கவரில்தான் பூ தருகிறார்கள். அந்தக் கவர்தான் மக்கும் குப்பைக்குள் ஒளிந்து வந்து உரத்தைக் கெடுப்பதில் முதலிடம். பூக்காரம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் கவரைத் தயாரிப்பவன் எங்கே இருக்கிறான் என்று அதிகாரிகள் தேடட்டும்.

சோழமண்டலம்

கீழவீதி, மனு எழுதினால் இங்கே போடுங்கள். எங்கள் வார்டிலும் அதையே கொடுக்கிறோம்.

கீழவீதி

நேற்று எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். வண்டிக்கு வரும் அக்காவையும் கூப்பிட்டோம். மழைக்காலத்தில் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை, முதலில் மழைக்கோட்டைச் சேருங்கள் என்றார். சேர்த்துவிட்டோம். இதுதான் மனு:

"ஆணையர் அவர்களுக்கு. எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் குப்பையைப் பிரித்துத் தர ஒப்புக்கொள்கிறோம். மக்கும் குப்பையைத் தினமும், மக்காத குப்பையைப் புதன், சனி ஆகிய நாட்களிலும் எடுக்கக் கோருகிறோம். சுகாதாரக் கழிவுக்கு வண்டியில் மூடியுள்ள தனி டிரம் வேண்டும். பணியாளருக்குத் தடித்த கையுறை, காலணி, மழைக்கோட்டு வழங்க வேண்டும். தெருமுனைக் காலி மனையின் உரிமையாளருக்குப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பி, வேலி அமைக்கச் செய்ய வேண்டும், சர்வே எண் கீழே உள்ளது. முதல் ஒரு மாதம் காலையில் மக்களுக்கு விளக்கிச் சொல்லும் பரப்புரையாளர் ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். இந்த வார்டில் உள்ள மண்டபங்களும் உணவகங்களும் ஈரக்குப்பையை எப்படிக் கையாளுகின்றன என்ற விவரத்தையும், திடக்கழிவுத் துணைவிதியின் நகலையும் தரக் கோருகிறோம்."

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். கையெழுத்தோடு கதவு எண்ணும் போடுங்கள். கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுத்து, பகுதி சபைக் கூட்டத்தில் இதை வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது முத்திரை வைத்த ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

பணியாளர் மகள்

அக்கா, டிரம்மோடு ஒரு சின்ன மணியும் கேளுங்கள். விசில் ஊதி ஊதி அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்பார்கள். இந்த மனுவை எங்கள் பேரூராட்சிக்கும் எழுதிக்கொள்கிறேன், அனுமதி உண்டா?

கீழவீதி

அனுமதி எதற்கு, எடுத்துக்கொள் தங்கை. மணியையும் சேர்த்துவிட்டேன். திங்கள்கிழமை கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.